சோறு போட்டவர்களிடம் எப்படி மறுத்துப் பேசுவது?

கேள்வி:

அம்மாவுக்கு வணக்கம். எனக்கு 45 வயசு. சொந்த இடம் திருகோணமலை மாவட்டம், சம்பூர்ப் பக்கம். 2006-ல ஷெல்லடியில என்ர அவர் செத்துப்போனார். மூண்டு வயசுப் பிள்ளையோட மன்னாருக்கு வந்து, போட் ஏறி அரிச்சல்முனையில இறங்கி, மண்டபத்தில கொஞ்ச நாள் இருந்து, பிறகு கும்மிடிப்பூண்டி கேம்புக்கு வந்தம். வந்த புதுசில நான் ஒருத்தரோடயும் கதைக்க மாட்டன், சமைக்கவும் மாட்டன். லைன்ல இருந்த பொம்பிளையள் முறை வச்சு எனக்கும் பிள்ளைக்கும் சாப்பாடு தந்தவை. பிறகு தங்கட குழுவில சேர்த்து, பழைய தையல் மிஷின் ஒண்டும் எடுத்துத் தந்தவை. இப்ப காலமை இடியப்பம் அவிச்சு சிப்காட் ரோட்டில விக்கிறன். மகள் பி.காம் முடிச்சு ஸ்ரீசிட்டியில வேலை. தையில அவளுக்குக் கலியாணம்.

குழுவில நாங்கள் 12 பேர். என்னோட சேர்த்து அஞ்சு பேருக்குப் புருசன் இல்லை. மூத்தவ ஒருத்தர் இருக்கிறா, பெரியம்மா எண்டுதான் எல்லாரும் கூப்பிடுறது. நான் மணவறைக்குக் கிட்ட வரக்கூடாதாம். தாரை வார்க்கிறது, கூறை குடுக்கிறது எல்லாத்தையும் என்ர தம்பியும் பெண்சாதியும் செய்யட்டுமாம். "நானும் என்ர மகளின்ர கலியாணத்தில வெளியிலதான் நிண்டனான், ஒண்டும் குறைஞ்சு போகேல்ல" எண்டுறா. மகளோ, அம்மா நிக்காட்டிக் கலியாணமே வேண்டாம் எண்டு சண்டை. எனக்கும் நிக்க ஆசைதான். ஆனா அவையின்ர சோத்தைத் திண்டு உயிர் தப்பின நான் எப்பிடி எதிர்த்துக் கதைக்கிறது? நன்றி கெட்டவள் எண்டு சொல்ல மாட்டினமா?

கலியாணப் பேச்சு எடுத்த நாளில இருந்து நித்திரையும் இல்லை. இரவில கம்பனியில இரும்பு கொட்டுற சத்தம் கேட்டா எழும்பிப் பிள்ளையைத் தேடுறன். 19 வருசம் கழிச்சு ஏன் இது?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

நீங்கள் எழுதியது நாலு பக்கம். இடம் கருதிச் சுருக்கியிருக்கிறேன். ஆளை அடையாளம் காட்டிவிடும் ஒன்றிரண்டு விவரங்களை மாற்றியும் இருக்கிறேன். சுருக்கியதில் விட்டுப்போன சிலவற்றைப் பதிலில் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் கேள்விக்கான விடை பாதிக்கு மேல் அங்கேதான் கிடக்கிறது.

முதலில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். மகள் கல்யாணத்தில் நீங்கள் மணவறைப் பக்கத்தில்தான் நிற்க வேண்டும். ஆனால் அதைப் பெரியம்மாவைத் தோற்கடித்துவிட்டுச் செய்ய வேண்டாம். தோற்கடிக்காமலே செய்யலாம் என்று நினைக்கிறேன். கொஞ்சம் மெனக்கெட வேண்டும். கையில் இரண்டு மாதம் இருக்கிறது, போதும்.

அந்த முறைச் சாப்பாட்டைப் பற்றி ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறீர்கள். திங்கள் எந்த வீடு, செவ்வாய் எந்த வீடு என்று இன்னும் மறக்கவில்லை. புதன்கிழமை பெரியம்மா முறை. மரவள்ளிக்கிழங்கு அவித்து, பச்சை மிளகாயும் வெங்காயமும் இடித்துப் பக்கத்தில் வைத்துக் கொண்டுவருவார். நீங்கள் தொடாவிட்டாலும் தட்டைத் திருப்பி எடுத்துப்போக மாட்டார். மூடி வைத்துவிட்டு, உங்கள் வாசலில் உட்கார்ந்து அவர் வீட்டுக் கீரையை ஆய்வார். ஒரு ஆறுதல் வார்த்தை சொன்னதில்லை. மூன்றாவது மாதமோ என்னவோ, ஒருநாள் நீங்களாகவே எழுந்து வந்து அவரோடு கீரை ஆயத் தொடங்கினீர்கள்.

இந்த வட்டாரத்தில் மனநல சமூகப்பணியாளராக 28 வருடம் ஓடிவிட்டது. இதற்கென்று படித்துப் பட்டம் வாங்கியவள் நான். வாயே திறக்காத ஒருத்தியைப் பேசு பேசு என்று படுத்தாமல், பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய வேண்டும் என்று எந்த வகுப்பிலும் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவராக இருந்த தயா சோமசுந்தரம் திரும்பத் திரும்ப எழுதி வந்த விஷயம் ஒன்று உண்டு: போர் தனி ஆளின் மனதை மட்டும் உடைப்பதில்லை, குடும்பம், அயல், ஊர் என்ற கட்டுகளையும் சேர்த்து உடைக்கிறது, ஆகவே மருந்தும் அந்தக் கட்டுகளைத் திரும்ப முடிவதிலிருந்துதான் தொடங்க வேண்டும். போர் முடிந்த மறு வருடம், 2010-ல், இலங்கையின் துணை அமைச்சர் ஒருவர் வடக்கிலும் கிழக்கிலுமாக 89,000 விதவைகள் என்று கணக்குச் சொன்னார். அதில் 49,000 பேர் உங்கள் கிழக்கு. அத்தனை பேருக்கும் ஆளுக்கொரு கவுன்சிலருக்கு எங்கே போவது? பெரும்பாலானவர்களுக்குக் கிடைத்தது பக்கத்து வீடுதான். கடல் தாண்டி வந்த உங்களுக்கும் அதுதான் கிடைத்தது. அதனால் பெரியம்மாவைக் குறைத்து ஒரு வார்த்தை சொல்ல என் பேனா எழாது.

சரி, இப்போது கணக்குக்கு வருவோம். வாங்கியதை ஒரு பக்கம் எழுதினீர்கள். கொடுத்ததை மூன்றாம் பக்கக் கடைசியில், "நானும் சின்னச் சின்ன உதவி செய்தனான்" என்று ஒரே வரியில் தள்ளிவிட்டிருக்கிறீர்கள். அந்த வரிக்குள் என்னென்ன இருக்கிறது? கொரோனா ஊரடங்கில் லைன் முழுக்க மாஸ்க் தைத்துக் கொடுத்தது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் ஓட்டுக்குள் தண்ணீர் இறங்கிய வீடுகளுக்கெல்லாம் இரண்டு நாள் உங்கள் அடுப்பிலேயே கஞ்சி போனது. பெரியம்மா இடுப்பெலும்பு முறிந்து சென்னையில் பெரியாஸ்பத்திரியில் கிடந்தபோது 18 ராத்திரி கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தது. இதெல்லாம் சின்ன உதவியா? நீங்கள் சீட்டுப் பிடிக்கிறவர் என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். சீட்டு நோட்டை இப்படியா எழுதுவீர்கள்?

சீட்டு என்றதும் சொல்லத் தோன்றுகிறது. அவசரம் என்று முதல் மாதமே சீட்டை எடுத்துக்கொண்டவளை யாரும் பிச்சை வாங்கினவள் என்று சொல்வதில்லை. எடுத்துவிட்டாள், மீதி மாதமெல்லாம் கட்டிக்கொண்டு வருகிறாள், அவ்வளவுதான். நீங்கள் 2006-ல் முதல் சீட்டை எடுத்தீர்கள். அன்றிலிருந்து தவணை தவறாமல் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். இனியும் கட்டுவீர்கள், அது உங்கள் குணம். ஆனால் சீட்டு எடுத்தவள் பிள்ளை கல்யாணத்தில் எந்த இடத்தில் நிற்பது என்று சீட்டுக்காரியைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. சோறு போட்டதற்கு நன்றி காட்ட வேண்டியதுதான். அந்த நன்றியைச் செலுத்துகிற இடம் மணவறை வாசல் இல்லை.

இனி பெரியம்மா சொன்ன அந்த வாக்கியம். "நானும் வெளியிலதான் நிண்டனான், ஒண்டும் குறைஞ்சு போகேல்ல." இதை மிரட்டலாக எடுத்துக்கொண்டீர்களோ என்னவோ. எனக்கு அப்படிக் கேட்கவில்லை. காரணம், என் வீட்டிலேயே இதைக் கேட்டிருக்கிறேன்.

ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம், ராஜமுந்திரியில், 1881-லேயே சீர்திருத்தக்காரர் வீரேசலிங்கம் பந்துலு விதவைப் பெண்ணுக்கு மறுமணம் செய்து வைத்தார். சமையல்காரர்களும் தண்ணீர் சுமக்கிறவர்களும் விலகிக்கொள்ள, அவர் மனைவி ராஜ்யலட்சுமி தானே கோதாவரியில் தண்ணீர் எடுத்து வந்து விருந்து சமைத்தார் என்று சொல்வார்கள். அதற்கு 117 வருடம் கழித்து, 1998-ல், சூலூர்பேட்டையில் ஒரு மண்டபத்தில் என் தம்பிக்குக் கல்யாணம். பெண் வீடு தெலுங்கு, நாங்கள் தமிழ். அப்பா போய் நாலு வருடம். அம்மா காலையிலிருந்து பந்திப் பக்கம்தான். இலை எண்ணுவது, அப்பளம் எண்ணுவது. கெட்டிமேளம் கேட்டதும் சமையற்கட்டு வாசலுக்கு வந்தார். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே, முன்னால் நின்ற ஆட்களின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். குட்டையான ஆள், தெரிந்திருக்காது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது, எல்லாம் படித்தவள். ஆரத்தித் தட்டு என் கையில் இருந்தது. நான் ஒன்றும் செய்யவில்லை.

பத்து வருடம் கழித்து இன்னொரு கல்யாணத்தில், முன்வரிசைக்கு வந்த ஒரு விதவைப் பெண்ணைப் பின்னால் போகச் சொன்னது யார் என்று நினைக்கிறீர்கள்? என் அம்மாதான். ஏம்மா என்று கேட்டேன். "ஏன், நான் நிக்கல?" என்றார். வேறு பேச்சில்லை. ராத்திரியெல்லாம் யோசித்த பிறகு எனக்குப் பட்டது இது: அந்தப் பெண் முன்னால் நிற்கலாம் என்றால், அன்றைக்கு என்னை மட்டும் ஏன் நிற்க விடவில்லை என்ற கேள்வி வந்துவிடும். அந்தக் கேள்வியை என் அம்மாவால் தாங்க முடியாது. வந்தவளை அனுப்பிவிடுவது அதைவிடச் சுலபம்.

ஆகவே பெரியம்மாவிடம் உங்கள் மகள் கல்யாணத்தைப் பற்றி முதலில் பேசாதீர்கள். இடியப்ப வியாபாரம் முடிந்து, பத்து மணிக்கு மேல், தனியாகப் போங்கள். குழுக் கூட்டத்தில் வேண்டவே வேண்டாம். நாலு பேர் முன்னால் சொன்ன வார்த்தையை மூத்தவர்கள் திரும்ப வாங்க மாட்டார்கள். போய், அவர் மகள் கல்யாணத்தைப் பற்றிக் கேளுங்கள். எங்கே நடந்தது, என்ன கூறை, யார் தாரை வார்த்தது, நீங்கள் எந்த இடத்தில் நின்றீர்கள், தாலி கட்டும்போது தெரிந்ததா? இவ்வளவுதான் உங்கள் வேலை. அவர் பேசப் பேசக் கேட்டுக்கொண்டிருங்கள். அன்றைக்கு ஒன்றும் முடியாது. இரண்டாவது தரமோ மூன்றாவது தரமோ போகும்போது, "பெரியம்மா, நீங்களும் என்னோட வந்து நில்லுங்கோ, நான் தனிய நிக்கப் பயம்" என்று சொல்லிப் பாருங்கள். பொய்யில்லையே, பயம்தானே?

அதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. 12 பேரில் 5 பேருக்குப் புருசன் இல்லை என்றீர்கள். பெரியம்மாவையும் உங்களையும் கழித்தால் மூன்று பேர். அந்த மூவருக்கும் பிள்ளைகள் இருப்பார்கள், நாளைக்கு அவர்கள் வீட்டிலும் கல்யாணம் வரும். அவர்களோடு பேசினீர்களா? கடிதத்தில் இல்லை. இப்போது வேண்டாம் என்று முடிவானால், அது அவர்களுக்கும் சேர்த்து எழுதிவைக்கிற சட்டம். சண்டை பிடித்து வந்தவர்கள் உங்கள் ஆண்களைக் கொன்றார்கள். பெண்களை மணவறைக்கு வெளியே நிறுத்துகிற வேலையை நாமே எடுத்துச் செய்ய வேண்டுமா என்று மெதுவாகக் கேளுங்கள்.

ஊர் வழக்கம், மாற்ற முடியாது என்று யாராவது சொன்னால், ஒரு ஊர் மாற்றிய கதை இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் கோலாப்பூர் மாவட்டம் ஹேர்வாட் என்ற கிராமம். புருசன் செத்தால் வளையல் உடைப்பது, பொட்டழிப்பது, தாலி அறுப்பது எதுவும் இனி எங்கள் ஊரில் கிடையாது என்று 2022 மே மாதம் கிராம சபையில் தீர்மானம் போட்டார்கள். அதே மாதம் அந்த மாநில அரசு மற்ற ஊர்களையும் அப்படிச் செய்யச் சொன்னது. மேலேயிருந்து வந்த சட்டம் இல்லை, ஊர் கூடிப் போட்டது. உங்கள் கேம்பும் ஒரு ஊர்தானே. 2021-ல் அரசு பெயர்ப்பலகையை "இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்" என்று மாற்றியது. நம் வாயில் என்னவோ இன்னும் கேம்ப்தான்.

சட்டத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் ஒரு வரி. தமிழ்நாட்டில் 1967-ல் கொண்டுவந்த திருத்தத்தின்படி, இந்துக்கள் ஐயரோ சடங்கோ இல்லாமல், உறவும் நட்பும் முன்னிலையில் மாலை மாற்றியோ மோதிரம் மாற்றியோ தாலி கட்டியோ செய்யும் கல்யாணமும் முழுக் கல்யாணம்தான். உங்கள் வீட்டில் அவ்வளவு தூரம் போகத் தேவையிருக்காது. அம்மா பக்கத்தில் நின்றால் மந்திரம் சொல்ல மாட்டேன் என்கிற ஐயர் வந்தால் இது கைகொடுக்கும்.

எதை விட்டுக்கொடுக்கலாம்? தாரை வார்ப்பதைத் தம்பியும் மனைவியும் செய்யட்டும். அவர் தாய்மாமன், அதில் அவருக்கும் ஒரு உரிமை இருக்கிறது. தாலிக்குப் பொன் உருக்குகிற பொன்னுருக்குக்கு யார் போவது, ஆரத்தி யார் எடுப்பது, இதெல்லாம் பெரியம்மா சொல்கிறபடியே நடக்கட்டும். கூறையை மட்டும் உங்கள் கையால் கொடுங்கள். தாலி கட்டும்போது மகளுக்குப் பக்கத்தில் நில்லுங்கள். இந்த இரண்டையும் விட வேண்டாம்.

இன்னொன்று கவனித்தேன். நாலு பக்கத்தில் சம்பந்தி வீட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. மாப்பிள்ளை புழல் கேம்ப் என்று மட்டும் தெரிகிறது. அவருடைய அம்மா என்ன நினைக்கிறார்? அவர்களுக்கு ஆட்சேபமே இல்லாமலும் இருக்கலாம், நீங்கள் இங்கே தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். கேட்கிற பொறுப்பை மகளிடம் கொடுங்கள். "கலியாணமே வேண்டாம்" என்று வீட்டுக்குள் சண்டை போடுவதைவிட அது உருப்படியான வேலை. அவளிடம் ஒன்று சொல்லிவையுங்கள்: பெரியம்மாவை அவள் ஒரு வார்த்தை எடுத்தெறிந்து பேசக்கூடாது. மூன்று வயதில் அந்தப் புதன்கிழமைத் தட்டில் முதலில் கை வைத்தது அவள்தான் என்று எழுதியிருக்கிறீர்கள்.

எல்லாம் செய்தும் பெரியம்மா மசியாமல் போகலாம். கோபித்துக்கொண்டு கல்யாணத்துக்கே வராமலும் இருந்துவிடலாம். அப்படியும் நடக்கும், நான் உத்தரவாதம் தர மாட்டேன். நீங்கள் நின்றுவிட்டு வாருங்கள். மறுநாள் காலையில் ஒரு தட்டில் சாப்பாடு எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போங்கள். தொடாவிட்டால் மூடி வைத்துவிட்டு வாசலில் உட்காருங்கள். கீரைக்கட்டு ஒன்று கையில் இருக்கட்டும்.

கடைசியாகத் தூக்கம். இது பைத்தியமும் இல்லை, பலவீனமும் இல்லை. ஷெல் சத்தத்தை உடம்பு தேதி போட்டுச் சேர்த்து வைப்பதில்லை. அதே மாதிரி ஒரு சத்தம் கேட்டால் 2006 என்றே நினைத்துக்கொண்டு எழுப்பிவிடுகிறது. இத்தனை வருடம் பிழைப்பு, படிப்பு என்று ஓடிக்கொண்டிருந்தீர்கள். இப்போது மகளைக் கைபிடித்துக் கொடுக்கப் போகிறீர்கள், அந்த நேரத்தில் அவர் இல்லை என்பது புதிதாகத் தெரிகிறது. துக்கத்தில் வராத பழைய பயம் நல்ல காரியத்தில் வந்து நிற்பதை நிறையப் பேரிடம் பார்த்திருக்கிறேன். போதாக்குறைக்குக் கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலைகள். நடுராத்திரியில் லாரியிலிருந்து கழிவு இரும்பைக் கொட்டும் அந்தச் சத்தம் எனக்கும் தெரியும், போரைப் பார்க்காத நானே ஒருதரம் திடுக்கிட்டு எழுந்திருக்கிறேன்.

எழுந்ததும் இருட்டில் படுத்தபடி பயத்தோடு மல்லுக்கட்டாதீர்கள். எழுந்து உட்கார்ந்து இரண்டு காலையும் வெறுந்தரையில் வையுங்கள். சுவரைத் தொடுங்கள். வாய்விட்டே சொல்லுங்கள்: இது கும்மிடிப்பூண்டி, இது இரும்புக் கம்பெனி, பிள்ளைக்கு 22 வயது, நைட் ஷிஃப்ட் முடிந்து ஆறரைக்கு ஸ்ரீசிட்டி பஸ்ஸில் வருவாள். மூச்சை இழுப்பதைவிட விடுவதை மெதுவாக விடுங்கள், பத்துத் தடவை. மாலை நாலு மணிக்குப் பிறகு பிளேன்டீ வேண்டாம். நீங்கள் இடியப்பத்துக்கு மூன்று மணிக்கே எழுகிற ஆள், ஒன்பதுக்குப் படுத்தால்தான் ஆறு மணி நேரமாவது கிடைக்கும். பக்கத்து வீட்டில் தந்த அரை மாத்திரையை இனி வாங்காதீர்கள், அது என்ன மாத்திரை என்று உங்களுக்கும் தெரியாது, கொடுத்தவருக்கும் தெரியாது.

இதோடு நிறுத்திக்கொள்ளவும் வேண்டாம். மாவட்ட மனநலத் திட்டத்தில் அரசு மருத்துவமனையிலேயே மனநல மருத்துவரைப் பார்க்கலாம். போரின் அதிர்ச்சிக்கென்றே பேச்சு முறையில் சிகிச்சை உண்டு, தேவைப்பட்டால் கொஞ்ச காலம் மருந்தும் தருவார்கள். போவதற்குக் கூச்சமாக இருந்தால் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்று 2022 அக்டோபரில் தொடங்கியது, காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம், ராத்திரியிலும் எடுப்பார்கள். செத்துப்போகலாம் போல ஒரு நினைப்பு எட்டிப் பார்த்தாலும் அந்த நிமிடமே கூப்பிடுங்கள், விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

அவர் எப்படிச் செத்தார் என்பது மகளுக்குத் தெரியும். எப்படி இருந்தார் என்று தெரியுமா? ஒரு படம்கூடக் கொண்டுவர முடியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். தைக்கு முன்னால் ஒரு ராத்திரி, அவர் எப்படிச் சிரிப்பார், எதைத் தின்னப் பிடிக்கும், உங்களை என்ன சொல்லிக் கூப்பிடுவார் என்று அவளிடம் சொல்லுங்கள்.

அப்புறம், மாப்பிள்ளை வீட்டில் இப்போதே சொல்லி வைத்துவிடுங்கள், ஊர்வலத்துக்கு வெடி வேண்டாம். மேளம் மட்டும் போதும்.